எலிக்கறி யாருக்கு அவமானம்?



போன மாதம் நம் இதழுக்கு ஒரு கட்டுரை வந்தது. நோட்டுத்தாளில் ஏழு பக்கம். எழுதியவர் கல்லூரியில் படிக்கும் ஓர் இருளர் வீட்டுப் பெண். தன் பாட்டி வயலில் எலி பிடித்தது, பானையில் புகை மூட்டி வளைக்குள் ஊதியது, வளையைத் தோண்டி நெல் எடுத்தது, எலியை வாட்டிக் குழம்பு வைத்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். அருமையான எழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. "பேரு போட வேணாம்ணா. ஹாஸ்டல்ல இருக்கேன். தெரிஞ்சா பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டாங்க."

இந்தத் தலையங்கம் அந்தத் துண்டுச் சீட்டுக்காக எழுதப்படுகிறது. அந்தத் தங்கைக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனவே என் கதையைச் சொல்கிறேன்.

நான் எலி தின்றவன். நத்தை, நண்டு, ஈசல், மடையான், ஆமை, உடும்பு, மாடு, பன்றி எல்லாம் தின்றவன். மாட்டுக்கறி பற்றி இந்தப் பக்கங்களிலேயே பலமுறை எழுதியிருக்கிறேன், மேடையில் முழங்கியிருக்கிறேன். எலியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. மாட்டுக்கறியைச் சொன்னால் கலகக்காரன் என்பார்கள். எலிக்கறியைச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள். கலகக்காரனாக இருக்க ஆசைப்பட்ட நான் மூக்கைப் பொத்துகிறவர்களுக்குப் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் கீழத்தஞ்சையில். தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்ததும் சேரிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மண்வெட்டி, கோணி, வைக்கோல் பிரி, ஒரு நாய். இவ்வளவுதான் ஆயுதம். வரப்பில் வளை பார்ப்பது ஒரு படிப்பு. புது மண் ஈரமாகத் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் குடி போன வீடு. ஒரு வளைக்கு நாலு வாசல் இருக்கும். மூன்றை மண்ணால் அடைத்து ஒன்றில் வைக்கோல் புகையை ஊதுவோம். எங்கே புகை கசிகிறதோ அங்கே அப்பா கையை வைத்துக் காத்திருப்பார். வயலெலியைத்தான் தின்போம். பெருச்சாளியையும் வீட்டெலியையும் தொடமாட்டோம். "எதையும் தின்கிறவர்கள்" என்று எங்களைச் சொன்னவர்களுக்கு எங்கள் வீட்டில் இருந்த விலக்குகள் தெரியாது.

எலியை விட முக்கியமானது அதன் களஞ்சியம். வளையின் கடைசி அறையில் கதிர்க் கதிராக அடுக்கி வைத்திருக்கும். நல்ல வளையாக வாய்த்தால் ஒரு முறம் நிறைய வரும். அம்மா அதைக் கசக்கிப் புடைத்து வெயிலில் போட்டுக் குத்துவாள். அந்த வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த நெல்லில் கணக்கப்பிள்ளை மரக்கால் போட்டு அளக்காத நெல் அது ஒன்றுதான். கீழத்தஞ்சையில் அளந்து போட்ட நெல்லுக்கு என்ன விலை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்ததற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவனை எரித்த மண்ணில்தான் நாங்கள் எலியிடம் போய் நெல் வாங்கினோம். எலி எங்களை அடித்ததில்லை.

பிடித்த எலியை வைக்கோல் தீயில் வாட்டி மயிர் சுரண்டி, வயிற்றைக் கீறிக் குடலெடுத்து, மஞ்சள் தடவி, மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு வதக்குவாள் அம்மா. நெல்லைத் தின்று வளர்ந்த கறி. அதன் ருசியை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. மிராசுதார் வீட்டில் எலி பிடிக்கக் கூலி கொடுத்தார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த தஞ்சாவூர் கிட்டியை வயலெங்கும் வைத்து, விடிந்ததும் விழுந்ததை எடுத்துப் போய் வாலை எண்ணிக் காட்டினால் காசு. வாலுக்குக் காசு கொடுத்த அதே கை, உடலைச் சேரிக்குள் தின்றவனைப் பார்த்து "ச்சீ" என்றது. தன் நெல்லைக் காப்பாற்றிக் கொடுத்தவன் மீதுதான் இந்த அருவருப்பு.

மற்றவற்றுக்கும் ஒவ்வொரு காலம் உண்டு. ஆடி ஆவணியில் ஆற்றுத் தண்ணி வயலுக்கு வந்தால் நண்டு. சளி பிடித்த பிள்ளைக்கு நண்டை இடித்து மிளகு ரசம். நடவு முடிந்த வயலில் நத்தை. அதை அவித்து முள்ளால் குத்தி இழுத்து, உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அவசரக்காரனுக்கு நத்தை இல்லை. ஐப்பசி மழை விட்ட சாயங்காலம் ஈசல். அரிக்கேன் விளக்குக்குக் கீழே தண்ணீர்த் தவலை வைத்தால் தானாக வந்து விழும். சிறகைப் புடைத்துத் தள்ளிவிட்டு அரிசியோடு உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மண்சட்டியில் வறுத்தால் பள்ளிக்கூடத்துக்கு மடியில் கட்டிக்கொண்டு போகலாம். கண்ணி வைத்து மடையான். எப்பவாவது நாய் மறித்துக் கொடுத்தால் உடும்பு.

அதே ஏரியில் பண்ணை வீட்டு மைனரும் துப்பாக்கியோடு வந்து நாரையும் தாராவும் சுட்டார். அவர் சுட்டால் அதற்குப் பேர் வேட்டை. செத்துத் தண்ணியில் விழுந்ததை நீந்திப்போய் எடுத்துக் கொடுத்தவன் என் சித்தப்பன். அவர் தின்றது வேட்டைக்கறி. நாங்கள் தின்றது ஊத்தை. பறவை ஒன்றுதான்.

தமிழின் பெருமை பேசுகிறவர்கள் புறநானூற்றைத் திறந்து பார்க்கட்டும். 119ஆம் பாட்டில் கபிலர், பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும்போது புற்றீசலை மோரோடு சேர்த்துச் சமைத்ததைத்தான் வளமாகச் சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு விருந்தில் நாய் பிடித்த உடும்பு வருகிறது. பாணனுக்கு அதைப் போட்டது விருந்தோம்பல் என்று பாடம் நடத்துகிறவர்கள், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற எயினன் பேரனிடம் "நேத்து என்னடா குழம்பு?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். என்னிடமும் ஒரு வாத்தியார் திங்கட்கிழமை தவறாமல் கேட்டார். நான் தவறாமல் "கத்திரிக்கா சார்" என்றேன். என் பள்ளிப்பருவம் முழுக்க எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய்தான்!

பொய் சொல்வது ஒரு சங்கதி. அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலமானது.

கல்லூரிக்கு வடமாவட்டத்து ஊர் ஒன்றுக்கு வந்தேன். விடுதியில் என் அறையில் ஓர் இருளர் பையன். ஊர்க் கதை பேசும்போது வளைக்குப் புகை போடும் விதம் வந்தது. அவர்கள் பானையில் ஓட்டை போட்டு ஊதுவதைச் சொன்னான். நாங்கள் வைக்கோல் பிரியில் ஊதுவதை நான் சொன்னேன். ராத்திரி முழுக்கப் பேசினோம். ஊரை விட்டு வந்த பிறகு நான் பயமில்லாமல் பேசிய முதல் ராத்திரி அது. பத்து நாள் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் அவனை "எலி தின்னி" என்று கூப்பிட்டான். மொத்தக் கூடமும் சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது அல்லவா?

அன்றைக்கு ராத்திரி அவன் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டான்: "நீயும் வளை வெட்டுனவன்தான? அப்பறம் ஏன் சிரிச்ச?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பருவம் முடிந்து விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் நின்றதற்குக் காசு, குடும்பம் என்று எத்தனையோ காரணம் இருந்திருக்கலாம். அதில் என் சிரிப்பு எத்தனை பங்கு என்று நாற்பது வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இது என் சொந்தச் சங்கடம் மட்டும் இல்லை. சாதியம் நமக்கிடையே ஏணி போட்டு வைத்திருக்கிறது. ஆடு தின்கிறவன் மாடு தின்கிறவனைப் பார்த்து, மாடு தின்கிறவன் பன்றி தின்கிறவனைப் பார்த்து, எல்லாரும் சேர்ந்து எலி தின்கிறவனைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். பார்ப்பனியத்தை எதிர்க்கிறோம் என்று சொல்லும் நம் நாக்கிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. பீகாரில் ஒரு தலித் சாதிக்கு முசகர் என்றே பெயர். எலி தின்பவர் என்று பொருள். அந்தச் சாதியில் பிறந்த ஜிதன்ராம் மாஞ்சி 2014இல் முதலமைச்சரானார். நான் எலி தின்றவன்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய அரசியலோடு நமக்கு ஆயிரம் முரண்பாடு உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2017க்கு வருகிறேன். அந்த வருடத் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. மார்ச் மாதம் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்று அவர்கள் கேட்ட ஒவ்வொன்றும் நியாயம். மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்கள். அசையாத அரசை அசைக்க ஒருநாள் எலியை வாயில் கவ்விக் காட்டினார்கள். நாடெங்கும் அந்தப் படம் வந்தது. "எலி தின்னும் நிலைக்கு வந்துவிட்டானே விவசாயி" என்று எல்லாரும் பதறினார்கள்.

எண்பதைத் தொட்ட என் அம்மா டிவியில் அதைப் பார்த்தாள். "ஏண்டா, பச்சையாவா கடிக்கிறானுவ? வாட்டி மஞ்சத் தடவணும்னு கூட இருக்கிறவன் ஒருத்தனும் சொல்லலியா?" என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலம் வைத்திருக்கிறவன் எலியைத் தொட்டால் அது நாட்டுக்கே அவமானம். நிலமில்லாதவன் தலைமுறை தலைமுறையாகத் தின்றால் அது அவன் சாதி வழக்கம். அவனுக்காக யாரும் பதறவில்லை. அந்தப் போராட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேவலத்தின் கடைசிப் படி எது என்று காட்ட நினைத்தவர்களுக்கு எங்கள் வீட்டுச் சட்டிதான் கையில் கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

அப்படியானால் எலிக்கறி எங்கள் பண்பாடு, வாழ்க என்று கொடி பிடிக்கலாமா? அதிலும் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் எலி தின்றதில் ருசி இருந்தது, தொழில் அறிவு இருந்தது, பசியும் இருந்தது. பசியைக் கழித்துவிட்டு ருசியை மட்டும் பாடினால் அது பொய். 2008இல் பீகார் அரசின் உயர் அதிகாரி ஒருவர் எலிக்கறியை எல்லாரும் சாப்பிடலாம், தானியமும் மிச்சமாகும் என்று யோசனை சொன்னார். முசகருக்கு நிலம் எங்கே என்ற கேள்விக்கு அந்தச் சட்டியில் பதில் இல்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. 1927இல் மகாத்தில் கூடிய மக்களிடம் செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்றார். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், பார்ப்பனர்கள் பௌத்தத்தை வெல்வதற்காக மாட்டுக்கறியை விட்டார்கள், விடாமல் தின்ற சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவராக்கப்பட்டார்கள் என்று வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இழிவு இறைச்சியில் இல்லை என்று வரலாற்றைச் சொன்னவரும் அவர்தான். ஆண்டை போடுகிற செத்த மாட்டைச் சுமக்காதே என்று மானத்தைச் சொன்னவரும் அவர்தான். எங்கள் ஊரில் மிராசுதார் கொட்டிலில் மாடு செத்தால் எங்கள் தாத்தா தூக்கியே தீரவேண்டும். மறுக்க முடியாது. அப்பா தலைமுறைதான் "இனிமே தூக்க மாட்டோம்" என்று நின்றது. அப்பா செத்த மாட்டைத் தூக்குவதை விட்டார். காசு கொடுத்து வாங்கிய மாட்டுக்கறியை விடவில்லை. உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைத்தார். கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் கைநாட்டுக்காரரான அவருக்குத் தெரிந்திருந்தது.

அதேபோல இன்றைக்கு உடும்பைப் பிடி, மடையானுக்குக் கண்ணி வை என்று நான் எந்தத் தம்பிக்கும் சொல்லமாட்டேன். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் சிறை. அந்த உயிர்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவை குறைந்ததற்குச் சேரிக்காரன் கண்ணிதான் காரணம் என்றால் ஒப்பமாட்டேன். ஏரியை மேடாக்கி மனை போட்டது யார்? வயலில் குருணை மருந்தைக் கொட்டி நண்டையும் நத்தையையும் கொன்றது யார்? எலிக்கு விஷம் வைத்த வயலில் இன்றைக்கு வளை வெட்டித் தின்ன முடியாது, தின்றவன் சாவான். எங்கள் உணவை அருவருப்பு என்றவர்கள் கடைசியில் அதை நஞ்சாகவே ஆக்கிவிட்டார்கள். இருளரின் அறிவை மட்டும் இந்த நாடு வேண்டும்போது எடுத்துக்கொள்கிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். அதே சாதியில் பிறந்த பெண்ணுக்குத் தன் பாட்டியின் குழம்பைப் பற்றிப் பெயர் போட்டு எழுதப் பயம்.

பயம் வீண் பயமும் இல்லை. விவசாயிகள் எலியைக் கவ்விய அதே 2017இன் மே மாதம், சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதற்குத் தடை போட்டு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதை எதிர்த்துச் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்து நடந்தது. கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். அந்த விதிக்குப் பிறகு நீதிமன்றம் தடை போட்டது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். திராவிட மண்ணிலும் அரசு விழா என்றால் மாடு வெளியே நிற்க வேண்டும்.

அரசைத் திட்டுவது சுலபம். நம் பந்தி எப்படி இருக்கிறது? போன வருடம் நம் தோழமை அமைப்பொன்றின் மாநாட்டு ஏற்பாட்டுக் கூட்டம். ஒரு மாணவத் தோழர் மாட்டுக்கறி போடலாம் என்றார். "வேற சாதித் தோழருங்கல்லாம் வருவாங்க, சங்கடப்படுவாங்க" என்றார் ஒரு மூத்தவர். கடைசியில் தக்காளி சாதமும் தயிர் சாதமும் முடிவாயிற்று. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு விடுதியில் சிரித்தேன், இன்றைக்குச் சும்மா இருந்தேன். இரண்டும் ஒரே காரியம்தான். யாருடைய சங்கடத்துக்காக யார் சட்டியை மூடி வைப்பது என்பதைச் சாதியே தீர்மானிக்கிறது, நம் மாநாட்டிலும்.

மராத்தியத்தில் ஷாகு பட்டோளே 2015இல் மகார், மாங் மக்களின் சமையலை ஒரு புத்தகமாகவே எழுதினார். அன்னம் பூரண பிரம்மம் என்கிற மேல்சாதிச் சொல்லைத் திருப்பிப்போட்டு, அன்னம் அபூரண பிரம்மம் என்று பெயர் வைத்தார். அது 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நம் அம்மாக்களின் கைப்பாகம் நம் காலத்திலேயே மறைகிறது. எந்த மாதம் எது கிடைக்கும், எதை எப்படிக் கழுவ வேண்டும், எந்தக் கறி எந்த நோய்க்கு ஆகும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எழுதி வாருங்கள். பசியையும் சேர்த்து எழுதுங்கள். ருசியையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பக்கம் அதற்கென்று ஒதுக்குகிறோம். அடுத்த மாநாட்டுப் பந்தியில் மாட்டுக்கறி இருக்க வேண்டும் என்று இந்த முறை நான் வாய்திறந்து கேட்பேன். தின்னாதவருக்குத் தயிர் சாதமும் இருக்கட்டும், பக்கத்து இலையில்.

அந்தத் தங்கையின் கட்டுரை இந்த இதழில் 14ஆம் பக்கத்தில் வருகிறது. அவர் கேட்டபடி பெயர் போடவில்லை. பெயரைப் போடு, துணிந்து நில் என்று வீரம் பேச எனக்கு உரிமை இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்கள் நீங்கள். இந்த இதழ் உங்கள் விடுதிகளுக்கும் வரும். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது யாரையாவது "எலி தின்னி" என்று கூப்பிட்டால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். எழுந்துபோய் அந்தப் பிள்ளை பக்கத்தில் தட்டை வையுங்கள். உங்கள் வீட்டிலும் தின்றிருந்தால் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

என் பெயர் இந்த இதழின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நான் எலி தின்றவன்.

தோழமையுடன்,
ஆசிரியர்